தீயணைப்போர் உடல்நலம் யார் பொறுப்பு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி நாடெங்குமுள்ள தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைக்கிறார்கள். 1944-ம் ஆண்டு அதே தேதியில், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் சுமந்து நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்க ஓடிவந்த தீயணைப்புத் தொழிலாளர்கள் 66 பேர் அங்கே மடிந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. மேடையில் வீரம் புகழப்படுகிறது, தியாகம் போற்றப்படுகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒத்திகை காட்டப்படுகிறது. ஏழாம் நாள் வாரம் முடிகிறது. அதன் பிறகு? அடுத்த ஏப்ரல் வரை அந்தத் தொழிலாளியின் உடம்பைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியது யார்?

தீயிலே மடிந்தவர்களை நாம் அறிவோம். 2012 ஜனவரியில் சென்னை எழிலகக் கட்டிடம் எரிந்தபோது ஒரு தீயணைப்பு வீரர் உயிர் துறந்தார். 2020 தீபாவளி வேளையில் மதுரையில் ஒரு துணிக்கடைத் தீயை அணைக்கப் போன இருவர் மேல் கட்டிடம் இடிந்து விழுந்தது; அவர்கள் வீடு திரும்பவில்லை. இவை பத்திரிகைகளில் வந்த சாவுகள். சர்க்கார் அனுதாபம் தெரிவித்த சாவுகள். ஆனால் தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் வழியிலோ, நிலையத்தில் சட்டையைக் கழற்றும்போதோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவனின் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது? “மாரடைப்பு” என்று ஒரு வார்த்தை எழுதி விஷயத்தை முடித்துவிடலாமா?

கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க நாட்டில், பணியில் இறந்த தீயணைப்பாளர்களின் கணக்கை 1994 முதல் 2004 வரை எடுத்துப் பரிசீலித்து, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மாண்டவர்களைச் சேர்க்காத கணக்கு அது. ஏறத்தாழப் பத்துச் சாவில் நாலு சாவு இருதய நோயினால் நேர்ந்தது. அப்படி இறந்தவர்கள் 449 பேர். இவர்களில் 32 சதவீதம் பேர் தீயுடன் போராடும்போது இறந்தார்கள். 13 சதவீதம் பேர் மணியடித்து ஓடும்போது இறந்தார்கள். 17 சதவீதம் பேர் திரும்பும் வேளையில் இறந்தார்கள். ஒரு தீயணைப்பாளரின் மொத்த வேலை நேரத்தில் தீயை நேரில் எதிர்த்து நிற்கும் நேரம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்குதான். அந்தச் சிறு நேரத்தில் இருதயச் சாவுகளில் மூன்றில் ஒன்று! இது விதியல்ல, தலையெழுத்தல்ல. வேலையே இருதயத்தின் மேல் ஏறி மிதிக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். உட்கார்ந்திருக்கிறவனை, அல்லது தூங்குகிறவனை, மணி எழுப்புகிறது. ஒரு நொடியில் இருதயம் இரட்டை வேகத்தில் அடிக்கத் துவங்குகிறது. பாதுகாப்பு உடையும் சுவாசக் கருவியுமாக 20 கிலோவுக்கு மேல் சுமை. அதோடு குழாயை இழுக்க வேண்டும். ஏணி ஏற வேண்டும். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கி வர வேண்டும். தடித்த உடைக்குள் வியர்வை ஆறாகப் பெருகுகிறது. உடம்பில் நீர் குறைகிறது. இரத்தம் கெட்டிப்பட்டு உறையும் தன்மை கூடுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கனவே இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் மனிதனுக்கு இந்த நிமிஷங்கள் எமனாகின்றன. மணி அடிக்காத நேரத்திலோ காத்திருப்பு, ஒழுங்கற்ற தூக்கம், வேளை தவறிய சாப்பாடு. இப்படி 20 வருஷம், 25 வருஷம்.

உடம்பு மட்டுமா? 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினத்திலும் கரையோரக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. அந்தச் சடலங்களைக் கையில் ஏந்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அன்றிரவு அவர்கள் தூங்கினார்களா, அடுத்த மாதம் தூங்கினார்களா என்று எத்தனை அதிகாரிகள் கேட்டார்கள்? விபத்தில் நசுங்கியவரை அன்றாடம் தூக்கிச் செல்லும் 108 ஆம்புலன்ஸ் தொழிலாளியின் கதியும் இதுவே. காக்கி உடை அணிந்தவன் அழக்கூடாது, நடுங்கக்கூடாது, சோர்ந்தேன் என்று சொல்லக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து உள்ளே புதைத்தது பின்னால் குடியாகவும், கோபமாகவும், சில வேளை தற்கொலையாகவும் வெளிப்படுகிறது.

இதற்கு மருந்து என்ன? “தேகப் பயிற்சி செய்யுங்கள்” என்கிறார்கள் மேலதிகாரிகள். சரி. தேகப் பயிற்சி அவசியம் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் 1,104 ஆண் தீயணைப்பாளர்களைப் பத்து ஆண்டுக் காலம் கவனித்து எழுதிய ஒரு ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. துவக்கத்தில் 40-க்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, 10 கூட எடுக்க முடியாதவர்களைவிட, இருதயக் கோளாறு 96 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. தண்டால் மாயமருந்து அல்ல. உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அது ஒரு அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலுக்கு விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியல்ல. யார் கையில் பயிற்சி என்பதே கேள்வி. மேலதிகாரியின் கையிலுள்ள சவுக்காகவா? உடன் உழைப்பவனின் கையிலுள்ள கயிறாகவா?

சவுக்கானால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அங்கே தீயணைப்பாளரின் ஓய்வு வயதை 60 ஆக்கும் பென்ஷன் திட்டத்தைச் சர்க்கார் 2015-ல் அமுலுக்குக் கொண்டு வந்தது. மறுபுறம், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிஷத்துக்கு 42 மில்லி லிட்டர் பிராணவாயுவை உட்கொள்ளும் சக்தி வேண்டும் என்பது அங்கே தகுதியின் அளவாகப் பேசப்பட்டது. வயது ஏற ஏற இந்தச் சக்தி இறங்குவது இயற்கை. 55 வயதைத் தாண்டியவர் அந்த அளவைத் தொட முடியாமற்போனால் அவர் கதி என்ன? வேலையும் போய், முழுப் பென்ஷனும் போய்த் தெருவில் நிற்பதா? இந்தக் கேள்வியை எழுப்பித்தான் அந்நாட்டுத் தீயணைப்பாளர் சங்கம் 2013 செப்டம்பரிலிருந்து 2015 பிப்ரவரி வரை பல முறை வேலை நிறுத்தம் செய்தது. உடல் தகுதி என்ற நல்ல சொல், பயிற்சிக்கு வழிசெய்யாமல், ஆளை வெளியேற்றும் கருவியாகிவிடும் என்ற நிலையில் தொழிலாளி அதை வெறுக்காமல் என்ன செய்வான்? நோயை மறைப்பான். நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்பான். மறைத்த நோயோடு புகைக்குள் நுழைவான். அப்போது ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல. அவனோடு போகிறவனுக்கும், காப்பாற்றப்பட வேண்டியவருக்கும் ஆபத்து.

மற்றொரு வழி உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள தீயணைப்பாளர்களின் தொழிற்சங்கமும் தீயணைப்புத் தலைமை அதிகாரிகளின் சங்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு கூட்டுத் திட்டம் வகுத்தன. நியூயார்க், சியாட்டில், பீனிக்ஸ், கால்கரி உள்ளிட்ட பத்து இடங்களின் தீயணைப்பு இலாகாக்கள் அதில் இறங்கின. அந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்ன? சோதனையின் முடிவு யாரையும் தண்டிப்பதற்கல்ல. ஒருவரின் உடல்நிலை பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். அவரை நேற்று அவர் இருந்த நிலையோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்தவரோடு அல்ல. அடிபட்டவர் மீண்டும் வேலைக்குத் திரும்புவதும், மனநலமும் இதே திட்டத்தின் பகுதிகள். பயிற்சி அளிப்பவரோ வெளியிலிருந்து வந்த வஸ்தாது அல்ல. தீயணைப்பாளர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் படிப்பித்து, சான்று கொடுத்து, தம் தோழர்களுக்குப் பயிற்சியாளர்களாக அனுப்பினார்கள்.

இந்த முறை வெறும் ஆசையல்ல என்பதை ஓரிகான் மாகாணத்தின் மருத்துவப் பல்கலைக் கழகம் சோதித்தும் பார்த்தது. 599 தீயணைப்பாளர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்கள் சிறு குழுவாகக் கூடினார்கள். தங்களில் ஒருவரே முன்னின்று, எழுதிக் கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேர வகுப்புகளாகப் பதினொன்று நடத்தினார். இன்னொரு பிரிவில் தேர்ந்த ஆலோசகர் தனித்தனியே பேசினார். மூன்றாம் பிரிவுக்குப் பரிசோதனை முடிவு மட்டும் தரப்பட்டது. 2007-ல் வெளியான ஓராண்டு முடிவுகள் என்ன சொல்லின? முதல் இரண்டு பிரிவினரும் காய்கறி பழம் அதிகம் சாப்பிட்டார்கள். மூன்றாம் பிரிவைப்போல எடை ஏறவில்லை. நலமாக இருப்பதாக உணர்ந்தார்கள். குழுவாகக் கூடியவர்களிடையே மட்டும் கூடுதலாக ஒன்று வளர்ந்தது: சக தொழிலாளர்களுக்குள் ஒற்றுமை. தேர்ந்த ஆலோசகர் தனியே உட்கார்ந்து பேசிச் சாதித்ததை, தொழிலாளிகள் தாமே கூடிப் பேசிச் சாதித்தார்கள்! அதற்கு மேலும் ஒன்றைச் சம்பாதித்தார்கள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? புகை மண்டிய கட்டிடத்துக்குள் தனியாக நுழையாதே, இருவராக நுழை, வெளியே இருவர் தயாராக நிற்கட்டும் என்ற விதியை 1998-ல் அமெரிக்கா சட்டமாகவே எழுதியது. உயிர் ஆபத்தான இடத்தில் துணை வேண்டும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். உடம்பைக் காக்கும் விஷயத்தில் மட்டும் ஒவ்வொருவனும் தனியாகப் போ என்று சொல்வது என்ன நியாயம்?

உடன் வேலை செய்கிறவனுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் தூங்காதவன் முகம் அவனுக்குத் தெரியும். முழங்கால் வலியால் ஏணிப்படியில் தயங்குவதை அவன்தான் முதலில் பார்க்கிறான். “வா அண்ணே, இன்றைக்கு நாலு சுற்று நடப்போம், ஓட வேண்டாம்” என்று அவன் சொன்னால் போகத் தோன்றும். அதையே சுற்றறிக்கை சொன்னால் கோப்பில் தூங்கும். நடந்துகொண்டே இருக்கும்போது, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல முடியாத பேச்சு வாயில் வருகிறது: “அந்தக் குழந்தை முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.” உடற்பயிற்சி இங்கே மனப்பயிற்சியுமாகிறது. ஆனால் ஒன்று: கேட்பவன் டாக்டர் அல்ல. காது கொடுப்பது, தனியாக விடாமலிருப்பது, தேவையானபோது மனநல மருத்துவரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போவது, இதுதான் அவன் கடமை. அதற்குமேல் அவன் தலையில் சுமத்துவதும் அநியாயம்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. 1966-ம் வருஷச் சட்டம் போலீஸ் படையினர் சங்கம் சேரும் உரிமையைக் கட்டிப்போட்டிருக்கிறது. சீருடை அணிந்த சேவைகளில் மேலிருந்து கீழே உத்தரவு ஓடுகிறது. கீழிருந்து மேலே குறை ஏறுவதில்லை. அங்கே பக்கத்தில் நிற்பவனின் தோழமையும் இல்லையென்றால் தொழிலாளிக்கு வேறென்ன மிச்சம்?

“காலை அணிவகுப்பும் கவாத்தும் நடக்கின்றனவே, போதாதா?” என்று கேட்பார்கள். போதாது. இருபது வயதுக்காரனும் ஐம்பது வயதுக்காரனும் ஒரே விசிலுக்கு ஒரே ஓட்டம் ஓடுவது பயிற்சியல்ல; கட்டுப்பாட்டின் காட்சி. மேற்சொன்ன 2007 கணக்கிலேயே, இருதயச் சாவுகளில் 12 சதவீதத்துக்குமேல் தேகப் பயிற்சியின் வேளையில் நேர்ந்தவை என்பதை மறக்கக்கூடாது. முதலில் வைத்தியப் பரிசோதனை. பிறகு அவரவர் நிலையிலிருந்து படிப்படியாக ஏற்றம். எந்த நிமிஷமும் மணியடிக்கலாம் என்பதால் உடம்பைக் கசக்கிப் பிழியாத அளவு. பிரசவத்துக்குப் பின் பணிக்குத் திரும்பும் பெண் ஊழியருக்கு அவருக்குரிய முறை. அப்படி வகுத்தால்தான் அது பயிற்சி.

“பணம் எங்கே?” என்றும் கேட்பார்கள். நிலையத்து முற்றம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, குழாய்ச் சுருள் இருக்கிறது. தேவைப்படுவது பயிற்சியாளருக்குச் சில வாரப் படிப்பும், அந்த நாட்களுக்குச் சம்பளமும், ஆண்டுக்கொரு முறை டாக்டரும். 25 வருஷம் பழகிய ஒரு தீயணைப்பாளனை இழந்தால் வரும் நஷ்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தீயணைப்பு வண்டிக்குக் கெடு தவறாமல் எண்ணெய் மாற்றுகிற இலாகா, அந்த வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை செய்யக் கணக்குப் பார்க்கலாமா?

தொழிலாளர் தரப்பிலிருந்தும் ஒரு சந்தேகம் எழும். “ஆள் பற்றாக்குறையை நிரப்பாமல், ஓய்வு கொடுக்காமல், ‘நீங்களே ஒருவருக்கொருவர் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று கைகழுவும் தந்திரம் இது” என்பார்கள். இந்தச் சந்தேகம் நியாயமானது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் துவங்கிய 108 சேவையின் தொழிலாளர்களைப் பாருங்கள். சர்க்கார் பணத்தில், ஒரு தனியார் ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில், 12 மணி நேர ஷிப்டு. 8 மணி நேர வேலை கேட்டு அவர்கள் மீண்டும் மீண்டும் குரல் கொடுத்திருக்கிறார்கள். வண்டிக்கு ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் ஆக இருவரே. மாடிப்படியில் நோயாளியைத் தூக்கி இறக்கி இடுப்பு ஒடிந்தவரிடம், 12 மணி நேரம் முடிந்தபின் “வீட்டுக்குப் போய் உடற்பயிற்சி செய்” என்று உபதேசிப்பது கொடுமை. தூக்கம் இல்லாத உடம்புக்குப் பயிற்சி மருந்தாகாது. ஆள் குறைவை எந்தத் தண்டாலும் நிரப்பாது.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்காகத் திட்டத்தையே தள்ளிவிடக் கூடாது. திட்டத்தைத் தொழிலாளர் கையில் எடுத்துக்கொள்வதே சரியான பதில். கூடி நடக்கும் இடத்தில் கூடிப் பேசுவார்கள். கூடிப் பேசினால் எது தனி மனிதனின் சோம்பல், எது நிர்வாகத்தின் குற்றம் என்பது தெளிவாகும். ஐந்து பேருக்கு ஒரே மாதிரி இடுப்பு வலி என்றால், கோளாறு இடுப்பிலில்லை. ஸ்டிரெச்சரிலும் ஆள் எண்ணிக்கையிலும் இருக்கிறது என்பது புரியும். பயிற்சிக் குழு குறையைக் கண்டுபிடிக்கும் குழுவாகவும் வளரும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது:

1. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் ஊழியர் அனைவருக்கும் ஆண்டுதோறும் சர்க்கார் செலவில் இருதயப் பரிசோதனை உள்ளிட்ட முழு வைத்தியப் பரிசோதனை.

2. ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு ஷிப்டிலும், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஒருவருக்குப் பயிற்சியாளர் படிப்பு. பதவி உயர்வுக்கு அலைபவர் வேண்டாம். தோழர்கள் நம்பும் ஒருவர் வேண்டும்.

3. பயிற்சி வேலை நேரத்துக்குள். 108 தொழிலாளருக்கு நிலையம் இல்லாததால், வண்டி நிற்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று இடமும், ஷிப்டுக்குள் ஒதுக்கிய நேரமும்.

4. பரிசோதனை விவரமும் பயிற்சி விவரமும் இரகசியம். அவற்றை வைத்து யாரையும் தண்டிக்கவோ, மாற்றவோ, பதவி உயர்வை மறுக்கவோ கூடாது. தேறாதவருக்குச் சிகிச்சையும் அவகாசமும், முடியாதவருக்குச் சம்பளம் குறையாத மாற்று வேலையும்.

5. கோரமான விபத்துக்குப் பின் அந்தக் குழுவுக்குக் கட்டாய ஓய்வு. கேட்டவுடன் மனநல மருத்துவர்.

6. காலியிடங்களை நிரப்புவது, 8 மணி நேர வேலை, வார விடுமுறை. இவை இல்லாமல் மேற்கூறிய ஐந்தும் காகிதப் பூ.

சர்க்காரின் உத்தரவுக்காகக் காத்திராமல் இன்றே துவக்கக்கூடியதும் இதில் உண்டு. ஒரு நிலையத்தில் இரண்டு பேர் சேர்ந்து காலையில் அரை மணி நடக்கத் துவங்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நெஞ்சில் பாரம் என்று சொன்ன தோழரை அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகச் சுற்றறிக்கை வேண்டாம். மூன்று நாளாய்ப் பேசாதிருப்பவன் பக்கத்தில் போய் உட்கார விதிமுறை வேண்டாம்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. மணியடித்தால் பத்து நிமிஷத்தில் வண்டி வரவில்லையே என்று கோபப்படுகிறோம், கோபம் நியாயமே. வருகிறவனுடைய இருதயம் திரும்பிப் போகும்வரை தாங்குமா என்றும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் வீடு எரியும்போது அவன் நமக்கு அந்நியனாக இருப்பதில்லை. அவனுடைய கோரிக்கை வரும்போது நாம் அவனுக்கு அந்நியராக இருக்கலாமா?

அடுத்த ஏப்ரல் 14-ந் தேதியும் மலர் வளையம் வரும். வரட்டும். மாண்டவரை மறக்கலாகாது. ஆனால் உயிரோடு இருக்கும் தீயணைப்புத் தொழிலாளிக்கு மலர் வேண்டாம். ஒரு டாக்டர் வேண்டும், ஒரு நாள் ஓய்வு வேண்டும், கூடவே ஓட ஒரு தோழன் வேண்டும். முதல் இரண்டையும் சர்க்காரிடம் போராடிப் பெறுவோம். மூன்றாவதை நாமே ஒருவருக்கொருவர் கொடுப்போம்.